கொன்வேட்டரைக் கழற்ற நான் ஏன் சம்மதிக்கவில்லை

காரின் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பதற்குச் சில வாரங்கள் இருக்கையில் எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கியது. காலி வீதியில் சிக்னலுக்கு நிற்கும்போதெல்லாம் வண்டி நடுங்கியது. லீற்றருக்கு 11 கிலோமீற்றர் ஓடியது 8 ஆகக் குறைந்தது. பஞ்சிகாவத்தைப் பக்கத்தில் ஒரு கராஜில் காட்டியபோது, புகையிலுள்ள நச்சு வாயுக்களை அகற்றும் கட்டலிட்டிக் கொன்வேட்டர் அடைத்துவிட்டது என்றும், அதைக் கழற்றிவிட்டு வெறுங்குழாயை வெல்டிங் செய்தால் எண்ணெய்ச் செலவு குறையும் என்றும் சொன்னார்கள். கழற்றியதை நல்ல விலைக்குத் தாங்களே எடுத்துக்கொள்வதாகவும் கூறினார்கள். நான் சம்மதிக்கவில்லை.

அந்த விலைக்குக் காரணம், உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியின்மேல் பூசப்பட்டுள்ள பிளாற்றினம், பலேடியம், றோடியம் ஆகிய உலோகங்களே. எஞ்சினிலிருந்து வரும் காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபன்களையும் ஒட்சியேற்றி, நைதரசன் ஒட்சைட்டுகளை மீண்டும் நைதரசனாக்கும் ஊக்கிகள் இவை. நன்றாகச் சூடேறிய நல்ல கொன்வேட்டர் இம்மூன்றிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அகற்றிவிடும். ஈயம் இவ்வூக்கிகளைச் செயலிழக்கச் செய்யும் என்பதால், 2002 இல் இலங்கை ஈயம் கலந்த பெற்றோலைக் கைவிட்ட பின்னரே இங்குள்ள வாகனங்களில் இக்கருவி நிலைத்துப் பயன் தரக்கூடியதாயிற்று. அவ்வளவு பாடுபட்டு வந்த ஒன்றை ஒரு பிற்பகலில் அறுத்தெறிவது எனக்கு மனத்துக்கு ஒவ்வாத காரியம்.

உண்மையாகவே அடைத்துப்போன கொன்வேட்டர் எஞ்சினின் மூச்சை அடக்கும். அதில் கராஜ்காரர் சொன்னது சரி. ஆனால் அடைப்பு இருக்கிறதா என்பதைப் பார்த்தறியலாம். கொன்வேட்டருக்கு முன்னால் உள்ள ஒட்சிசன் சென்சரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தினால் போதும். வெள்ளவத்தையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாஸ் ஒருவர் அப்படிச் செய்து பார்த்தார். அழுத்தம் இயல்பாகவே இருந்தது. கோளாறு வேறிடத்தில் இருந்தது: மூன்றாவது சிலிண்டரின் பிளக்குக்குப் பொறி தர மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் கொயில் வெடித்திருந்தது, அதன் பிளக் கறுத்து நனைந்திருந்தது.

இந்த ஒரு பிளக் எப்படி இவ்வளவு எண்ணெயைக் குடித்தது என்பதுதான் எனக்கு மிகவும் வியப்பூட்டியது. பொறி விழாத சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் வெளியேறுகிறது; அதனுடன் பயன்படாத ஒட்சிசனும் வெளியேறுகிறது. புகைக்குழாயிலுள்ள சென்சருக்கு ஒட்சிசனை மட்டுமே தெரியும். அதன் பக்கத்தில் வீணாகப் போகும் பெற்றோல் அதற்குத் தெரியாது. ஆகவே கலவையில் காற்று மிகுந்துவிட்டது என்று கணினிக்குச் செய்தி போகிறது. கணினியும் சரியாக எரிந்துகொண்டிருக்கும் மற்றச் சிலிண்டர்களுக்கும் சேர்த்துக் கூடுதல் பெற்றோலை ஊற்றுகிறது. எரியாமல் போனதெல்லாம் கொன்வேட்டருக்குள் எரிந்து பீங்கான் கட்டியை உருக்கத் தொடங்கும். இன்னும் சில மாதங்கள் அப்படியே ஓட்டியிருந்தால் அவர்கள் சொன்ன அடைப்பு உண்மையிலேயே வந்திருக்கும்.

அந்தச் சென்சர் முதன்முதலில் 1976 இல் வொல்வோ கார்களில், பொஷ் நிறுவனத்தின் தயாரிப்பாக வந்தது. ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறைப்படி 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தைச் சுற்றிக் கலவையைப் பிடித்து வைப்பதே அதன் வேலை. காற்றைக் கூட்டினால் எண்ணெய் மிஞ்சும் என்பது பொய்யல்ல. ஆனால் புகையில் ஒட்சிசன் மிகுந்தவுடன் நைதரசன் ஒட்சைட்டைக் குறைக்கும் வேலை நின்றுவிடுகிறது. சிக்கனமும் தூய்மையும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை என்பதை இங்கே காணலாம். எஞ்சினுக்குள் வெப்பநிலை உயர்ந்தால் அதே பெற்றோலிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கிறது, ஆனால் அந்த வெப்பத்திலேயே காற்றின் நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நச்சாகின்றன.

இரண்டும் ஒன்றாக முன்னேறிய இடங்களும் உண்டு. இரு வீச்சு எஞ்சின் ஓட்டோக்களில் புதுக் கலவையின் ஒரு பகுதி எரியாமலே புகையுடன் வெளியேறிவிடும். 2008 இல் அவற்றின் இறக்குமதி தடைசெய்யப்பட்ட பிறகு கொழும்பின் நீலப்புகை கண்ணுக்குத் தெரியவே குறைந்தது. நம் வீதிகளில் நிறைந்திருக்கும் ஹைபிரிட் கார்களின் எஞ்சின்களில் உள்வாங்கு வால்வு தாமதித்து மூடுகிறது. அதனால் அழுத்தும் தூரத்தைவிட விரியும் தூரம் அதிகமாகி, புகையோடு வீணாகும் ஆற்றல் குறைகிறது. 1882 இல் ஜேம்ஸ் அட்கின்சன் வகுத்த கருத்து இது. 2015 இல் வந்த டொயோட்டா பிரியஸின் எஞ்சின் உச்சநிலையில் 40 சதவீத வெப்பத்திறனைத் தொட்டது; அதாவது பெற்றோலின் ஆற்றலில் அவ்வளவு பங்கை வேலையாக மாற்றியது.

என் கார் அவ்வளவு புதியதல்ல. கொயிலையும் நான்கு பிளக்குகளையும் மாற்றிய பிறகு மீண்டும் லீற்றருக்கு 11 கிலோமீற்றர் ஓடுகிறது. மாதம் 1000 கிலோமீற்றர் ஓட்டும் எனக்கு அது ஏறத்தாழ 34 லீற்றர் மிச்சம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் 2.3 கிலோகிராம் அளவு காபனீரொட்சைட்டு வெளியாவதால், 78 கிலோகிராம் குறைவு. ஆனாலும் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது அந்தக் கணக்கல்ல. காலையில் எங்கள் ஒழுங்கை முனையில் பாடசாலை வானுக்காகப் பிள்ளைகள் நிற்கிறார்கள். நிற்கும் வாகனங்களின் புகைக்குழாய்களுக்கும் அவர்களுடைய முகங்களுக்கும் இடையே தூரம் மிகக் குறைவு.

வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் கார் முதல் முறையிலேயே தேறியது. ஒட்சிசன் சென்சர் பழையதாகி மெதுவாகப் பதில் தருகிறது என்று பாஸ் சொன்னார். அடுத்த மாதச் சம்பளத்தில் அதையும் மாற்றப் போகிறேன்.