படம் போடுவதுதானே?

கணினி வரைவு படிக்கிறேன் என்றால், "மவுஸைப் பிடித்துப் படம் போடுவதுதானே?" என்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஆட்டோகேடில் கோடு இழுப்பது சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். பாலிடெக்னிக்கில் எங்களைப் பிழிந்தெடுப்பது டாலரன்ஸ்தான், அதாவது ஓர் அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு.

25 மி.மீ. துளைக்கு எச்7 என்ற டாலரன்ஸ் குறியைப் போட்டால், அது 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம். அதற்குள் சுழலும் தண்டுக்கு ஜி6 என்றால் 24.980 முதல் 24.993 வரை. ஆக, இடைவெளி குறைந்தது 0.007, மிஞ்சிப்போனால் 0.041 மி.மீ. சாதாரணத் தலைமுடியே இதைவிடத் தடிமன்! குறியில் ஒற்றை எழுத்தை மாற்றிப் போட்டால் தண்டு உள்ளே போகாமலே போகலாம்; லேத்தில் நிற்பவர் வரைந்தவனைத் தேடிக்கொண்டு வருவார்.

பொருளின் தோற்றங்களைத் தாளில் அடுக்கும் முறை முதல் கோணமா, மூன்றாம் கோணமா என்பது தனித் தலைவலி. முன்னதில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும், பின்னதில் மேலே. (யார் வைத்த முறையோ!) தலைப்புக் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கூம்புக் குறியைப் பார்க்காமல் படத்தை வாசிக்கவே கூடாது.

திங்களன்று அசெம்பிளி வரைபடம் ஒப்படைக்க வேண்டும். பேரிங் உட்காரும் தண்டுக்கு எந்தப் பொருத்தம் என்று அணிக்குள் இன்னும் சண்டை ஓடுகிறது. நான் கே6 கட்சி.