வலது கை கெடுக்குது

"இடது கை மட்டும் வாசிச்சா நல்லாத்தான் இருக்கு ஆத்தா, அந்த வலது கை வந்துதான் கெடுக்குது."

வளவில், அதாவது உள்முற்றத்தில், உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அப்பத்தா சொன்ன விமர்சனம் இது. பட்டாலைக் கூடத்தில் கீபோர்டு வைத்தால் வீடு முழுக்கக் கேட்கும், காரைக்குடி வீட்டின் வசதி அப்படி.

நான் வாசித்துப் பழகுவது போலந்து இசையமைப்பாளர் ஷோப்பான் 1834இல் பியானோவுக்கு எழுதிய ஃபான்டசி இம்ப்ராம்ப்ட்யூ. வலது கை பதினாறு நோட்டு ஓடும் நேரத்தில் இடது கை பன்னிரண்டுதான் ஓட வேண்டும். அதாவது நாலுக்கு மூன்று, நம்மூர்க் கணக்கில் சதுஸ்ரமும் (நாலு) திஸ்ரமும் (மூன்று) ஒரே ஆளின் இரண்டு கைகளில்.

தாளில் போட்டால் சுலபம். 12 எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள், வலது கை 1, 4, 7, 10இல் விழும், இடது கை 1, 5, 9இல். சேர்ந்து விழுவது ஒன்றில் மட்டும், அப்புறம் 4உம் 5உம் இடித்துக்கொள்ளும், 7 தனியாக நிற்கும், 9உம் 10உம் மறுபடி இடிக்கும்.

மெதுவாக வாசிக்கும்வரை இந்தக் கணக்கு சோறு போடும். வேகம் ஏறினால் எண்ணவே நேரமில்லை, ஒவ்வொரு கையும் தன் பாட்டுக்குப் போய் ஒன்றில் வந்து சேர்ந்தால் போதும் என்று விட்டுவிட வேண்டியதுதான். எண்ணி எண்ணிப் பழகியதே, எண்ணாமல் இருக்கத்தான் போல.

ஷோப்பான் உயிரோடு இருந்தவரை இதை வெளியிடவே இல்லை, அவர் இறந்தபின் 1855இல்தான் அச்சானது. அச்சிடாததை எல்லாம் எரித்துவிடச் சொன்னாராம். சில ராத்திரி அது நியாயமாகவே படுகிறது!

மிருதங்கக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நாலுக்கான தகதிமியும் மூன்றுக்கான தகிடவும் ஒன்றாக வந்தால் நீங்கள் எந்தக் கையைக் கேட்பீர்கள்?