பெல்கிரேடிலும் ஒரு கோட்டை மைதானம்

எங்கள் சேலத்தில் கோட்டை மைதானம் என்றால் பொதுக்கூட்டமும் ஆர்ப்பாட்டமும்தான் ஞாபகம் வரும். செர்பியாவின் தலைநகரான பெல்கிரேடிலும் அதே பெயரில் ஓர் இடம் இருப்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கலெமெக்தான். துருக்கி மொழியில் 'கலே' என்றால் கோட்டை. 'மெய்தான்' நம் மைதானமேதான். அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து ஊர் எனக்கு நெருக்கமாகிவிட்டது.

அக்டோபர் மாதம், மதிய நேரம். கடைவீதி முடிந்து சாலையைத் தாண்டியதுமே மரங்கள் தொடங்கிவிடுகின்றன. வழியெல்லாம் பழுத்த இலைகள். ஆனால் ஒரு காலத்தில் இது வெறும் பொட்டல். கோட்டைக்கு முன்னால் மரமோ வீடோ இருந்தால் எதிரி மறைந்து நெருங்கிவிடுவான், பீரங்கிக்குக் குறி கிடைக்காது. 1867இல் இந்தத் திடலில்தான் துருக்கியரின் ஒட்டோமான் பேரரசுத் தளபதி அலி ரிசா பாஷா, தங்கள் வசமிருந்த கோட்டை நகரங்களின் சாவிகளைச் செர்பிய இளவரசர் மிஹைலோவிடம் ஒப்படைத்தார். இரண்டு வருடம் கழித்து, பொறியாளர் எமிலியான் யோசிமோவிச் சொன்ன யோசனைப்படி பூங்கா வேலை ஆரம்பித்தது.

இன்று அந்தத் திடலில் தாத்தாக்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள். ஆடுபவர் இருவர், பின்னால் நின்று பார்ப்பவர்கள் ஏழெட்டுப் பேர். தொப்பி போட்ட ஒருவர் குதிரையைத் தூக்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். யாரும் வாய் திறக்கவில்லை. நானும் அரை மணி நேரம் நின்றுவிட்டேன்.

அப்புறம் கோட்டைக்குள் போனேன். சிற்பி மெஷ்ட்ரோவிச் வடித்த வெற்றி வீரன் சிலை 1928இல் வைத்தது. அதன் அடியில் நின்றால் சாவா ஆறு வந்து டான்யூபில் கலப்பது தெரிகிறது. எல்லோரும் படம் எடுப்பது இங்கேதான்.

என்னைப் பிடித்து நிறுத்தியது கீழே இருக்கும் ருஷிட்சா தேவாலயம். முன்பு வெடிமருந்துக் கிடங்காக இருந்த கட்டடம். சுவர் முழுக்கக் கொடி படர்ந்திருக்கிறது. உள்ளே பத்துப் பேர் நின்றாலே நிறைந்துவிடும் போல. தலைக்கு மேல் பித்தளை நிறத்தில் சரவிளக்கு. அண்ணாந்து நன்றாகப் பார்த்தேன். வரிசையாகக் கோத்திருந்தவை துப்பாக்கித் தோட்டாக்களின் வெற்றுக் கூடுகள்! நடுநடுவே வாள்கள். முதல் உலகப் போரில் கிரேக்க நாட்டின் சலோனிகா போர்முனையில் நின்ற சிப்பாய்கள் செய்தது என்றார்கள். சுட்டுத் தீர்ந்த கூட்டைப் பொறுக்கி, ஒரு கோயிலுக்கு விளக்காக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறதே!

செர்பியத் தேவாலயங்களில் மெழுகுவத்திக்கு இரண்டு தட்டு உண்டு. மேல்தட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ்த்தட்டு இறந்தவர்களுக்கு. ஒன்று வாங்கி, குனிந்து கீழ்த்தட்டில் ஏற்றி வைத்தேன்.