10,001வது துண்டு

போன மாசம் ஒரு டேட்டாபேஸ் டம்ப் (மொத்த டேட்டாபேஸோட நகல்), ஒரே ஃபைல், 62 ஜிபி, அத எஸ்3 (அமேசானோட ஆன்லைன் ஸ்டோரேஜ்) ஏபிஐ பேசுற ஒரு ஸ்டோரேஜுக்கு ஏத்த வேண்டியிருந்துச்சு. ஸ்கிரிப்ட் நானே எழுதினது, ஃபைல 5 எம்பி 5 எம்பியா வெட்டி வரிசையா அனுப்பும், சின்ன ஃபைலுக்கெல்லாம் ரொம்ப நாளா பிரச்சனையே இல்லாம ஓடிட்டு இருந்துச்சு, அதனால ராத்திரி ஓடவிட்டுட்டு தூங்கப் போயிட்டேன். காலைல வந்து பாத்தா 48.8 ஜிபி போயிருக்கு, அதுக்கு மேல ஒரு பைட் கூட நகரல. நெட் நல்லா இருக்கு, ஆக்சஸ் கீ சரியா இருக்கு, டிஸ்க்ல எடம் இருக்கு. லாக்ல கடைசி வரியப் பாத்தப்பதான் புரிஞ்சுது: பார்ட் நம்பர் 10,001.

எஸ்3ல ஒரு அப்லோடுக்கு மொத்தமே 10,000 துண்டுதான். ஒரு துண்டு குறைஞ்சது 5 எம்பி இருக்கணும், கடைசித் துண்டு மட்டும் எவ்வளவு சின்னதாவும் இருக்கலாம், அதிகபட்சம் 5 ஜிபி. நான் ஆகக் குறைஞ்ச அளவ எடுத்துக்கிட்டேன், 5 எம்பிய 10,000ஆல பெருக்குனா 48.8 ஜிபி, அவ்வளவுதான் கணக்கு. அதுக்கப்புறம் சைஸ மாத்தி மிச்சத்த புதுத் துண்டா அனுப்பவும் முடியாது, ஏன்னா நம்பரே தீந்துபோச்சு. அதனால இப்பல்லாம் முதல்ல ஃபைல் சைஸப் பாக்குறேன், அத 10,000ஆல வகுத்து, வர்றத விட நல்லாவே பெருசா ஒரு சைஸ் எடுத்துக்குறேன். அந்த 62 ஜிபிக்கு 16 எம்பி வெச்சா 3,968 துண்டு, நிம்மதியா அடங்கிடும். அமேசானோட கமாண்ட் லைன் கருவி ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐல டீஃபால்ட் 8 எம்பி, ஆனா ஃபைல் பெருசா இருந்தா அதுவே துண்டோட சைஸ ஏத்திக்கும், நாமளா கோடு எழுதும்போது அந்த வேலை நம்ம தலையிலதான்.

ஏன் இப்படி வெட்டணும்னு கேக்குறவங்களுக்கு: ஒரே ரிக்வெஸ்ட்ல அனுப்பினா 5 ஜிபி வரைக்கும்தான் எஸ்3 வாங்கும், அதுலயும் 4.9 ஜிபி போனதும் லைன் அறுந்தா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். துண்டா அனுப்பினா போகாத துண்ட மட்டும் திரும்ப அனுப்பலாம், அதே நம்பர்ல மறுபடி அனுப்பினா பழசு மேல புதுசு உக்காந்துக்கும், நாலஞ்சு துண்ட ஒரே நேரத்துலயும் அனுப்பலாம். 2010லேர்ந்தே எஸ்3ல மல்டிபார்ட் அப்லோட்ங்கிற இந்த வசதி இருக்கு.

வேலை நடக்குற விதம் எளிமைதான். முதல்ல "ஒரு அப்லோட் ஆரம்பிக்கிறேன்"னு சொன்னா அது ஒரு அப்லோட் ஐடி குடுக்கும், ஒவ்வொரு துண்டு அனுப்பும்போதும் ஒரு ஈடேக் (அந்தத் துண்டுக்கான அடையாளக் குறி) திரும்பி வரும், கடைசியா "இந்த நம்பருக்கு இந்த ஈடேக்"னு முழு பட்டியலையும் வரிசையா குடுத்து கம்ப்ளீட்னு சொல்லணும். அந்த கம்ப்ளீட் வர்ற வரைக்கும் ஃபைல்னு ஒண்ணு அங்க கிடையவே கிடையாது. இத எத்தனை தடவ சொன்னாலும் எனக்குத் திருப்தி வராது, ஏன்னா நூத்துக்கு நூறு துண்டும் போயாச்சுன்னு புரோகிரஸ் பார் காட்டுறத வெச்சே ஒரிஜினல டெலீட் பண்றவங்க இருக்காங்க. இன்னொண்ணு, கம்ப்ளீட்டுக்கு 200னு, அதாவது எல்லாம் சரின்னு, பதில் வந்தாலும் உள்ள பாடில (பதிலோட உள்ளடக்கத்துல) எர்ரர் இருக்கலாம், துண்டுகள சேக்க நேரம் எடுக்கும்போது கனெக்ஷன் அறுந்துடக்கூடாதுன்னு 200 ஹெடர முன்னாடியே அனுப்பிடும். எஸ்டிகே (ரெடிமேட் லைப்ரரி) வழியா போனா அதுவே பாத்துக்கும், நேரா ஹெச்டிடிபில பேசுனா பாடியப் படிச்சே ஆகணும்.

இப்ப என்னோட அந்த 48.8 ஜிபி என்ன ஆச்சு? பக்கெட்ட (ஃபைலெல்லாம் போய் உக்கார்ற எடம்) லிஸ்ட் பண்ணா ஒண்ணுமே தெரியல, காலியா இருக்கு. ஆனா 10,000 துண்டும் உள்ள கெடக்கு, அதுக்கு வாடகையும் ஓடுது! லிஸ்ட் மல்டிபார்ட் அப்லோட்ஸ்னு தனியா ஒரு கால் இருக்கு, அதுல கேட்டாத்தான் காட்டும். கேட்டேன், என்னோட இந்த ஒண்ணு மட்டும் இல்ல, எப்பவோ பாதில செத்துப்போன இன்னும் ஏழு அப்லோட் இருந்துச்சு, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா அபார்ட் பண்ணி அழிச்சேன். அன்னைக்கே பக்கெட்ல ஒரு லைஃப்சைக்கிள் ரூல் போட்டேன், ஆரம்பிச்சு 7 நாளாகியும் முடியாத அப்லோட அதுவே அழிச்சிடும். இத பக்கெட் உருவாக்குற அன்னைக்கே போட்டுடுங்க, ப்ளீஸ். இதே மாதிரி ஸ்டோரேஜான கிளவுட்ஃபிளேர் ஆர்2ல இந்த 7 நாள் ரூல் டீஃபால்ட்டாவே வருது, மைக்ரோசாஃப்ட்டோட அஷ்யூர்லயும் கமிட் பண்ணாத பிளாக் (அங்க துண்டுக்கு அதான் பேரு) ஒரு வாரத்துல போயிடும், எஸ்3ல நாமளா போடாத வரைக்கும் அது பாட்டுக்கு கெடக்கும். ஆர்2ல வேற ஒரு கட்டுப்பாடு இருக்கு, கடைசித் துண்ட தவிர மத்த எல்லாம் ஒரே சைஸ்ல இருக்கணும், எஸ்3க்கு எழுதின கோட அப்படியே அங்க ஓட்டுறவங்க இத கவனிச்சுக்கணும்.

ஈடேக் பத்தியும் ஒண்ணு. ஒரே ரிக்வெஸ்ட்ல போன சாதா ஃபைலுக்கு அது பெரும்பாலும் எம்டி5தான் (ஃபைல்ல இருக்குறத வெச்சு கணக்கிடுற கைரேகை மாதிரி ஒண்ணு), துண்டா ஏத்தினதுக்கு அப்படி இல்ல, ஒவ்வொரு துண்டோட எம்டி5யையும் ஒட்டி, அதுக்கு மறுபடி ஒரு எம்டி5 எடுத்து, பின்னாடி ஒரு கோடு (-) போட்டு துண்டு எண்ணிக்கைய சேக்கும். நம்ம லோக்கல் எம்டி5யோட ஒப்பிட்டுட்டு "ஃபைல் கெட்டுப்போச்சு"ன்னு பதறாதீங்க, அதே சைஸ்ல வெட்டி அதே கணக்கப் போட்டா சரியா வரும்.

ஸ்கிரிப்ட்ட இப்ப மாத்தியாச்சு. அப்லோட் ஐடி, துண்டு சைஸ், வந்த ஈடேக் எல்லாம் ஃபைல் பக்கத்துலயே ஒரு சின்ன ஜேசன்ல எழுதி வைக்குது, திரும்ப ஓட்டினா முதல்ல லிஸ்ட் பார்ட்ஸ்ல அங்க என்ன இருக்குன்னு கேட்டுட்டு இல்லாதத மட்டும் அனுப்புது. நேத்து 2,300 சொச்சம் துண்டுல வேணும்னே நானே நிறுத்திப் பாத்தேன், மறுபடி ஓடவிட்டா விட்ட எடத்துலேர்ந்து போய் 3,968ல முடிச்சு கம்ப்ளீட் சொல்லிடுச்சு. திருப்பி டவுன்லோட் பண்ணி ரெஸ்டோரும் ஓட்டிப் பாத்துட்டுதான் இத எழுதறேன்.