நெட் லைஃப் சயின்ஸ்: சிக்னலிங்கை அணைப்பிலிருந்து படியுங்கள்

நெட் தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது, ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்துவிட்டது. இன்னும் நம்ப முடியவில்லை. நாலாவது யூனிட்டை, அதாவது செல்கள் செய்தி பரிமாறும் சிக்னலிங் பகுதியை, எப்படிப் படித்தீர்கள் என்று ஜூனியர்கள் கேட்பதால் எழுதுகிறேன். பார்ட் ஏ பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பார்ட் சி-யில் என்னைக் கரையேற்றியவை சவ்வு ரிசப்டர்கள்தான் (செல்லின் சவ்வில் நின்று வெளியே வரும் செய்தியை உள்ளே கடத்தும் புரோட்டீன்கள்).

எல்லோரும் சிக்னல் எப்படித் தொடங்குகிறது என்று படிக்கிறார்கள். நீங்கள் எப்படி நிற்கிறது என்பதை முதலில் படியுங்கள். 'இந்த மியூட்டன்டில் (மரபணு மாறிய செல்லில்) என்ன ஆகும்' என்று கேட்டால், விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அட்ரினலினை உணரும் பீட்டா-2 அட்ரினெர்ஜிக் ரிசப்டரை எடுங்கள். செய்தியை உள்ளே எடுத்துச் செல்வது ஜிஎஸ் என்ற ஜி புரோட்டீன்; அதோடு சேர்ந்த ரிசப்டரின் கட்டமைப்பைப் பிரையன் கோபில்காவின் குழு 2011-இல் வெளியிட்டது. (மறு ஆண்டே ரிசப்டர் ஆய்வுக்காகக் கோபில்காவுக்கும் ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் நோபல்.) அந்தப் படத்தை நிதானமாகப் பாருங்கள், அவ்வளவு அழகு. ரிசப்டரின் ஆறாவது ஹெலிக்ஸின் (சுருளின்) உள்முனை சுமார் 14 ஆங்ஸ்ட்ராம் விலக, அந்த இடைவெளியில் ஜிஎஸ்ஸின் ஆல்ஃபா சப்யூனிட்டின் வால் நுழைகிறது. ஆல்ஃபாவிலிருந்து குவானோசின் டைபாஸ்பேட் கழன்று ட்ரைபாஸ்பேட் ஏறுகிறது. அப்படி விழித்த ஜிஎஸ், அடினைலைல் சைக்ளேஸ் என்ற என்சைமைத் தூண்டி, சைக்ளிக் ஏஎம்பி என்ற உட்செய்தி மூலக்கூறைக் கூட்டும்.

இனி அணைப்பு. ட்ரைபாஸ்பேட்டை ஆல்ஃபாவே டைபாஸ்பேட்டாக வெட்டிவிடும். ரிசப்டரின் வாலில் ஜிஆர்கே என்ற என்சைம் பாஸ்பேட் போடும், பீட்டா-அரெஸ்டின் என்ற புரோட்டீன் வந்து ஒட்டும், சவ்வில் கிளாத்ரின் புரோட்டீன் அமைக்கும் குழி வழியே ரிசப்டர் உள்ளே போகும்.

இப்போது காலரா நச்சையும் கக்குவான் நச்சையும் பாருங்கள். இரண்டும் ஏடிபி-ரைபோசைலேஷன்தான் (ஜி புரோட்டீனில் அடினோசின் டைபாஸ்பேட்-ரைபோஸ் துண்டை ஒட்டுவது), இரண்டிலும் சைக்ளிக் ஏஎம்பி கூடும். ஆனால் காலராவில் ஜிஎஸ் ட்ரைபாஸ்பேட்டை வெட்ட முடியாமல் விழித்தே கிடக்கும். கக்குவானில், சைக்ளேஸைத் தடுக்கும் ஜிஐ என்ற ஜி புரோட்டீன் ரிசப்டரோடு சேர முடியாமல் முடங்கும். தடுக்க ஆளில்லாததால் அளவு ஏறும். மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஃபோர்ஸ்கோலின் என்ற வேதிப்பொருளுக்குத் தனி வழி: ரிசப்டரையே தொடாமல் நேரே அடினைலைல் சைக்ளேஸைத் தூண்டும்.

மற்றவை சுருக்கமாக:

- இன்சுலின் ரிசப்டர்: ஹார்மோன் வருமுன்பே டைசல்ஃபைடு பிணைப்பால் ஜோடி.
- ஈஜிஎஃப்ஆர் (வளர்ச்சிக் காரணி ரிசப்டர்): லைகண்ட் (ஒட்டும் செய்தி மூலக்கூறு) பட்டதும் மடங்கிய நிலை விரியும். ஜோடியில் ஒரு கைனேஸ் (பாஸ்பேட் போடும் என்சைம்) மற்றதை எழுப்பும். யுபிக்விட்டின் என்ற 'அழி' அடையாளம் போட்டு இறக்குவது சிபிஎல் புரோட்டீன்.
- ஹெர்2 (ஈஜிஎஃப்ஆர் குடும்பம்): அறியப்பட்ட லைகண்டே இல்லை, எப்போதும் விரிந்தே இருக்கும்.
- சைட்டோகைன் ரிசப்டர்: சொந்தக் கைனேஸ் கிடையாது, ஜாக் என்ற தனிக் கைனேஸ் வேண்டும்.
- டிஜிஎஃப்-பீட்டா ரிசப்டர்: டைப் 2 ரிசப்டர் போய் டைப் 1 ரிசப்டருக்கு பாஸ்பேட் போடும், டைரோசினில் அல்ல.

வெற்றுத் தாளில் பாதையை வரைந்து, ஒவ்வொரு அம்புக்குறிக்குப் பக்கத்திலும் 'இதை அணைப்பது யார்' என்று எழுதுங்கள். வீடியோ பார்த்தால் எனக்கு எதுவும் தங்காது, கை ஓடினால்தான் தங்கும். கூட்டாகப் படிப்பவர்கள் ஒருவர் வரைய மற்றவர் அம்புக்குறிக்கு அம்புக்குறி கேளுங்கள். ராஸ் (இதுவும் குவானோசின் ட்ரைபாஸ்பேட்டால் விழிக்கும் புரோட்டீன்) வந்ததும் நிறுத்தி, அதன் 12-ஆவது அமினோ அமிலமான கிளைசின் மாறினால், வெட்டி அணைக்க உதவும் கேப் புரோட்டீன் ஏன் பயனற்றுப் போகிறது என்று விளக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அன்றைக்கு அடுத்த பாதைக்குப் போகாதீர்கள்.