மல்லிக்குப் பனிக்காலம்

கொடைக்கானலில் மார்கழி பிறந்துவிட்டால் விடியற்காலையில் ஏரிக்கரைப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். எழுந்ததும் நான் முதலில் போவது என் முயல் மல்லியின் கூண்டுக்குத்தான். மன்னவனூர் ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கிறார்களே, அதே சோவியத் சின்சில்லா வகை, சாம்பல் நிறம்.

முயலுக்கு ஈரமும் காற்றும்தான் குளிரைவிடப் பெரிய எதிரி. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருடம் பாசத்தில் கூண்டு முழுக்கத் தார்ப்பாயால் மூடினேன். காலையில் திறந்தால் உள்ளே நீர் கோத்துச் சொட்டுகிறது, மூத்திர நெடி கண்ணை எரிக்கிறது. மல்லி அடுக்கடுக்காகத் தும்மினாள். நெஞ்சு பதறிவிட்டது. இப்போது மூன்று பக்கம் மட்டும் சாக்கு. காற்று வராத முன்பக்கம் திறந்தே இருக்கும்.

உள்ளே ஒரு மரப்பெட்டி, அவள் திரும்பிப் படுக்கும் அளவு. வத்தலக்குண்டிலிருந்து வரும் வைக்கோலை நன்றாக உதறி ஒரு சாண் உயரத்துக்குப் போடுவேன். அவளே வாயால் கவ்வி இழுத்து, நடுவில் தனக்கென்று ஒரு குழி பறித்துக்கொள்வாள். நனைந்த வைக்கோலை அன்றன்றே எடுத்துவிட வேண்டும்.

ராத்திரி காய்ந்த புல் கூடுதலாக வைப்பேன். குடலில் நார் நொதிக்கும்போது உடம்புக்குச் சூடு கிடைக்கும். அப்புறம் தண்ணீர்: பாட்டிலின் குழாய் நுனி உறைந்துவிடும், அதனால் மண்சட்டி. குளிப்பாட்டவே கூடாது.

காது சில்லென்று இருந்தால் பயப்படாதீர்கள். அங்கே ரத்த ஓட்டத்தைக் குறைத்து உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்கிறது. ஆனால் தீனி தொடாமல் துவண்டு கிடந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நேற்று விடிகாலை அவள் எழுந்துபோன குழியில் கை வைத்துப் பார்த்தேன். வைக்கோல் வெதுவெதுப்பாக இருந்தது.