ஒன்பதில் ஒரு முறை

ஆய்வகத்தின் கறுப்புத் திரையை விலக்கி உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது ஒரு சின்ன ஊதாப் புள்ளி. 405 நானோமீட்டர் லேசர் படிகத்தில் விழும் இடம் அது. பல கோடி ஃபோட்டான்கள் (ஒளித் துகள்கள்) படிகத்தைச் சும்மா கடந்து போய்விடும். எப்போதாவது ஒன்று பிளந்து, 810 நானோமீட்டரில் இரட்டையாக வெளியே வரும். அந்த இரட்டையை வைத்து ஒரு சிநாட் கேட் செய்ய வேண்டும். குவாண்டம் கணினியின் அடிப்படைச் செயல்களில் ஒன்று அது: ஒரு கியூபிட் (குவாண்டம் பிட்) 1 ஆக இருந்தால் இன்னொன்றைப் புரட்டிவிடும். இங்கே ஒவ்வொரு ஃபோட்டானும் ஒரு கியூபிட். நான் சேர்ந்தபோது என்னிடம் கொடுத்த வேலை இதுதான்.

ஒளியோடு ஒளி பேசாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். இரண்டு டார்ச் வெளிச்சத்தைக் குறுக்கே அடித்தால் இரண்டும் அதனதன் வழியில் போகும். ஆனால் கேட் வேலை செய்ய, ஒரு கியூபிட்டைப் பார்த்து இன்னொன்று மாறியாக வேண்டும். பீம் ஸ்ப்ளிட்டர் (ஒளியில் ஒரு பங்கைக் கடக்க விட்டு மீதியை எதிரொளிக்கும் கண்ணாடி), கூடுதல் ஃபோட்டான்கள், டிடெக்டர் இவை மட்டுமே இதற்குப் போதும் என்று 2001-இல் ஆய்வாளர்கள் நில், லாஃப்ளம், மில்பர்ன் மூவரும் காட்டினார்கள். இரண்டே ஃபோட்டானில் முடிகிற எளிய வடிவத்தை 2003-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு செய்து காட்டியது. 2005-இல் அமைப்பு இன்னும் சுருங்கியது. நாங்கள் கட்டியது அந்தச் சுருங்கிய வடிவத்தை.

அதன் கணக்கு எனக்கு இன்றும் அலுக்கவில்லை. நடுவில் இருக்கும் ஸ்ப்ளிட்டரில் கிடைமட்டத் தளவிளைவு (ஒளி அலை அதிரும் திசை) கொண்ட ஃபோட்டான் முழுதாகக் கடக்கும். செங்குத்து மூன்றில் ஒரு பங்குதான் கடக்கும். இரண்டு செங்குத்து ஃபோட்டான்கள் அங்கே சந்தித்து, பக்கத்துக்கு ஒன்றாக வெளியே வர இரண்டு வழி உண்டு. இரண்டும் கடக்கலாம், அதன் வீச்சு (வர்க்கப்படுத்தினால் நிகழ்தகவு தரும் எண்) 1/3. இரண்டும் எதிரொளிக்கலாம், அது 2/3, ஆனால் எதிர்க்குறியோடு. கூட்டினால் மைனஸ் 1/3. மற்ற மூன்று சேர்க்கைகளுக்கும், பின்னால் இருக்கும் இரண்டு ஸ்ப்ளிட்டர்கள் சமன் செய்த பிறகு, பிளஸ் 1/3. அந்த ஒரு மைனஸ் குறிதான் கேட். முன்னும் பின்னும் அரை அலைத் தகடு (தளவிளைவைத் திருப்பும் தகடு) வைத்தால் சிநாட் ஆகிவிடும். 1/3-ஐ வர்க்கப்படுத்தினால் 1/9. அதாவது ஒன்பதில் ஒரு முறைதான் கேட் வேலை செய்யும். மீதி எட்டையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் இந்தக் கழித்தல் நடக்க இரண்டு ஃபோட்டான்களுக்கும் துளி வித்தியாசம் இருக்கக் கூடாது. நிறம், தளவிளைவு, வந்து சேரும் நேரம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். அதைச் சோதிக்க முதலில் பாதிக்குப் பாதி ஸ்ப்ளிட்டரை வைப்போம். ஒரே மாதிரியான இரண்டு ஃபோட்டான் அதில் சந்தித்தால் சேர்ந்தே ஒரு பக்கம் போகும். இரண்டு டிடெக்டரும் ஒரே சமயத்தில் எண்ணுவது சட்டென்று குறையும். 1987-இல் ஹாங், ஊ, மண்டெல் கண்ட பள்ளம் அதுதான்.

அந்தப் பள்ளத்தை நான் மூன்று வாரம் தேடினேன். ஒரு ஃபோட்டான் வந்து சேரும் நேரத்தை மாற்ற, அதைப் பிடிக்கும் ஃபைபர் முனையை ஸ்டேஜில் (நகரும் மேடையில்) நகர்த்தி நகர்த்தி எண்ணினேன். கோடு தட்டையாகவே இருந்தது. ஃபில்டரை மாற்றினேன், படிகத்தைத் திருப்பினேன், ஃபைபரைத் துடைத்தேன். கடைசியில் எங்கள் சீனியர் அக்கா வந்து கணினித் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஸ்டெப் எவ்வளவு வெச்சிருக்கே?"

"ஒரு மில்லிமீட்டர், அக்கா."

"ஃபில்டர் எத்தனை நானோமீட்டர்?"

மூன்று, அதாவது ஃபில்டர் உள்ளே விடும் நிறப் பட்டையின் அகலம். சொல்லும்போதே புரிந்துவிட்டது. 810-இன் வர்க்கத்தை மூன்றால் வகுத்தால் சுமார் 0.2 மில்லிமீட்டர், பள்ளத்தின் அகலம் அவ்வளவுதான். ஸ்டேஜ் ஒவ்வொரு முறையும் தொடக்கப் புள்ளிக்குத் திரும்பி, அதே இடங்களில்தான் நின்று நின்று போயிருக்கிறது. மூன்று வாரமும் பள்ளத்தைத் தாண்டித் தாண்டியே போயிருக்கிறேன்.

சரி என்று 20 மைக்ரான் (0.02 மில்லிமீட்டர்) ஸ்டெப் வைத்தேன். 25 மில்லிமீட்டருக்கு 1250 புள்ளிகள், புள்ளிக்கு 5 விநாடி. கைப்பேசியை அணைத்து வெளியே வைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தேன். கைப்பேசித் திரையின் வெளிச்சம் கொஞ்சம் கசிந்தாலும் டிடெக்டர் எண்ணிக்கை எகிறிவிடும். 600-ஐ ஒட்டியே ஓடிக்கொண்டிருந்த எண் 540 ஆனது, அப்புறம் 390, 170, பிறகு 40. மறுபடி ஏறத் தொடங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. நேரில் பார்க்கவே முடியாத இரண்டு ஃபோட்டான்கள் ஒன்று போல ஆனதை எண்ணில் பார்த்தேன். அடுத்த மாதம் கேட் வேலை செய்தபோதுகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

அந்த கேட்டில் ஒரு குறை உண்டு. வேலை செய்ததா என்பது ஃபோட்டான்களை எண்ணிய பிறகுதான் தெரியும். எண்ணிவிட்டால் அவை போய்விடும். அதனால் அப்படியே அடுத்தடுத்து கேட்டுகளைக் கோக்க முடியாது. கூடுதல் ஃபோட்டான்கள் வேலை முடிந்தது என்று முன்கூட்டியே சொல்லும் வகை கேட்டை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறோம். அதற்கு நான்கு ஃபோட்டான்கள் ஒரே சமயத்தில் வர வேண்டும். எங்களிடம் அது நிமிடத்துக்கு ஓரிரண்டு முறைதான் நடக்கிறது. மாலையில் ஸ்கேனை ஓடவிட்டு, திரையை இழுத்து மூடி, விளக்கைப் போட வேண்டாம் என்ற அட்டையைக் கதவில் மாட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறோம்.